எண், எழுத்து, மனம்

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று தொடங்கியது திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று விரிவானதும் இம்மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். பாடத்தையும் பசியையும் கவனித்தாயிற்று. மிச்சமிருப்பது பிள்ளையின் மனம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் பிள்ளைகள் எல்லோரும் வளரும் வட்டாரம் இது. கோபத்தையும் பயத்தையும் அடையாளம் காண, அடுத்தவர் வருத்தத்தை உணர, சண்டையைப் பேசித் தீர்க்கப் பழக்கும் சமூக மனவெழுச்சிக் கற்றல் இங்கே அவசியம். அதைத் தர வேண்டியவர் வகுப்பாசிரியர்தான்.

இதற்கு ஆதாரம் உண்டு. இத்தகைய 213 திட்டங்களையும் அவை பற்றிய ஆய்வுகளில் இடம்பெற்ற 2,70,000 மாணவர்களையும் அலசிய ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. பங்கேற்றவர்களின் நடத்தை சீரானது; நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் 11 இடம் முன்னேறும் அளவுக்குப் படிப்பும் உயர்ந்தது. படிப்பில் இந்த உயர்வு, பள்ளியின் சொந்த ஆசிரியர்களே நடத்திய இடங்களில்தான் தெளிவாகத் தெரிந்தது. வெளியாள் ஒருநாள் வந்து முகாம் நடத்திவிட்டுப் போவதால் ஆகிற காரியமல்ல இது.

‘ஏற்கெனவே பதிவேடும் செயலியுமாகத் திணறும் ஆசிரியர் தலையில் இன்னொரு சுமையா?’ என்பது நியாயமான கேள்வி. தனிப் பாடவேளை, மதிப்பெண், அறிக்கை என்று வந்தால் சுமைதான். ஆனால் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிள்ளைகள் குழுவாக உட்காரும் வகுப்பிலேயே இதற்கு இடமிருக்கிறது. ஒரு ரப்பருக்காக இருவர் மல்லுக்கு நிற்கிறார்கள். அதைப் பிடுங்கி மேசையில் வைத்தால் சண்டை அடங்கும், அவ்வளவுதான். இருவரையும் மூச்சை இழுத்துவிட வைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கச் செய்து, யார் முதலில் அழிப்பது என்று அவர்களையே முடிவெடுக்கவிட்டால் அதுவே பாடம். தமிழ் தெரியாத பிள்ளைக்கு முகப்படங்களும் சைகையும் கைகொடுக்கும்.

‘இதெல்லாம் வீட்டின் வேலை’ என்பார்கள். தாயும் தகப்பனும் வெவ்வேறு ஷிப்டில் இருக்கும் வீட்டில், அந்த வேலையைப் பள்ளியும் பகிர்ந்துகொள்வதே முறை. கல்வித் துறை ஆசிரியருக்குப் பயிற்சி தரட்டும். அதற்கு ஈடாக ஒரு பதிவேட்டையாவது குறைக்கட்டும். பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீரோடு இதையும் கேளுங்கள்.