ஹலால் மட்டும் போதுமா? ஏழைகளின் உணவு உதவியும் குளிர்பானத் தடையும்

2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா, இண்டியானா, அயோவா, யூட்டா, மேற்கு வர்ஜீனியா ஆகிய 5 மாநிலங்களில் ஒரு புதிய கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உணவு உதவி அட்டையைக் கொண்டு இனி அங்கே குளிர்பானம் வாங்க முடியாது. சில மாநிலங்களில் மிட்டாய் வகைகளுக்கும் தடை. வேறு பல மாநிலங்களும் அனுமதி பெற்று இந்த வரிசையில் சேர்ந்துள்ளன.

'ஏழைக்குக் கொடுக்கிற காசில் கோக் எதற்கு?' என்பது ஒரு தரப்பின் கேள்வி. 'ஏழை என்பதற்காக அவர் எதைக் குடிக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்வதா?' என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஜகாத்தும் ஸதகாவும் கொடுக்கிற சமுதாயம் என்ற முறையில் நாமும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

திட்டம் எப்படிச் செயல்படுகிறது?

1964-இல் சட்டமான இத்திட்டம் முதலில் 'ஃபுட் ஸ்டாம்ப்' என்று அழைக்கப்பட்டது. 2008-இல் 'ஸ்நாப்' என்று பெயர் மாறியது. ஏறத்தாழ 4 கோடிப் பேர் இதனால் பயன்பெறுகிறார்கள். அகதிகளாகக் குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் பலவும் இவர்களில் அடக்கம்.

வங்கி அட்டை போன்ற ஓர் அட்டையில் மாதந்தோறும் தொகை ஏற்றப்படும். 2024 கணக்குப்படி சராசரியாக ஒருவருக்கு மாதம் 187 டாலர் அளவு. அதாவது ஒரு நாளைக்கு 6 டாலர்தான். அந்நாட்டு விலைவாசியில் இது பெரிய தொகை அல்ல.

மது, சிகரெட், சோப்பு, வைட்டமின் மாத்திரை போன்றவற்றை இந்த அட்டையில் வாங்க முடியாது. சுடச்சுடச் சமைத்து விற்கும் உணவுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. அதனால் ஒரு விநோதம் நடந்து வந்தது. வேலை முடிந்து களைத்து வரும் ஒரு தாய் கடையில் சூடான கோழியை வாங்க முடியாது. ஆனால் 2 லிட்டர் குளிர்பானத்தை வாங்கலாம்!

இந்த விவாதம் புதியதும் அல்ல. 1964-இல் மசோதா விவாதத்தில் இருந்தபோதே குளிர்பானத்தை விலக்கும் யோசனை வந்து, பிறகு கைவிடப்பட்டது. 2010-இல் நியூயார்க் நகரம் சோதனை முறையில் தடை விதிக்க அனுமதி கேட்டது. 2011-இல் மத்திய வேளாண் துறை மறுத்துவிட்டது. அதே துறைதான் 2025 மே மாதம் நெப்ராஸ்காவுக்கு முதல் அனுமதியை வழங்கியது.

தடை வேண்டும் என்பவர்கள் சொல்வது

355 மில்லி குளிர்பானத்தில் சுமார் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. கிட்டத்தட்ட 10 தேக்கரண்டி. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பசியைத் தீர்க்காது, சத்தும் இல்லை. கூடவே சர்க்கரை நோய், உடல் பருமன், பல் சிதைவு. இதை உணவு என்று சொல்வதே தவறு. பொதுமக்களின் வரிப்பணத்தில் நோயை வாங்கிக்கொடுத்துவிட்டு, அதே வரிப்பணத்தில் மருத்துவமும் பார்ப்பது எந்த வகையில் நியாயம் என்று கேட்கிறார்கள்.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது

2016-இல் வேளாண் துறை ஓர் ஆய்வை வெளியிட்டது. உதவி பெறும் குடும்பங்கள் உணவுக்காகச் செலவிட்ட 100 டாலரில் சுமார் 5 டாலர் குளிர்பானத்துக்குப் போனது. உதவி பெறாத குடும்பங்களில் அது 4 டாலர். வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. குளிர்பானப் பழக்கம் அந்த நாடு முழுவதற்குமான நோய். ஏழையின் கூடையை மட்டும் சோதனை போடுவது ஏன் என்பது இவர்கள் வாதம்.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. எது மிட்டாய்? பல மாநிலங்களின் வரிச் சட்டத்தில் கோதுமை மாவு கலந்த சாக்லேட் மிட்டாய்க் கணக்கில் வராது. மாவு கலக்காதது வரும். பில் போடும் இடத்தில் ஒரு பொருள் மறுக்கப்படும்போது, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முன் அந்தத் தாய் கூனிக்குறுகி நிற்க வேண்டியிருக்கும். தவிர, அந்தக் குடும்பம் கைக்காசில் குளிர்பானத்தை வாங்கிக்கொண்டு, அரிசியை அட்டையில் வாங்கலாம். அப்போது தடையால் மாறியது என்ன? பல ஏழைப் பகுதிகளில் காய்கறிக் கடையே கிடையாது. பெட்ரோல் பங்க்கை ஒட்டிய சிறு கடைதான் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் ஒரு சோதனை நடந்தது. இந்த அட்டையில் 1 டாலருக்குப் பழமோ காய்கறியோ வாங்கினால் 30 சென்ட் திரும்ப வரவு வைக்கப்பட்டது. யாரையும் தடுக்கவில்லை, யாரையும் குத்திப் பேசவில்லை. சலுகை பெற்றவர்கள் மற்றவர்களைவிட 26 சதவீதம் அதிகமாகப் பழமும் காய்கறியும் உண்டார்கள். நல்லதை எட்டும் விலைக்குக் கொண்டுவந்தால் ஏழையும் நல்லதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

மார்க்கம் என்ன வழி காட்டுகிறது?

பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு அல்லாஹ் மனிதர்களை அழைக்கிறான் (அல்குர்ஆன் 2:168). ஹலால் என்றால் அனுமதிக்கப்பட்டது. தய்யிப் என்றால் தூய்மையானது, நல்லது. குளிர்பானப் பாட்டிலில் ஹலால் முத்திரையைத் தேடுகிற நாம், அது தய்யிபா என்று கேட்பதில்லை.

கொடுப்பவருக்கும் ஒரு கட்டளை உண்டு. நமக்குக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டே தவிர வாங்க மாட்டோம் என்கிற மட்டமான பொருளைத் தர்மத்துக்கு ஒதுக்கக் கூடாது என்று இறைவன் எச்சரிக்கிறான் (2:267). சொல்லிக்காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்றும் தடுக்கிறான் (2:264). முதலாவது, பெறுபவரின் உடலைப் பாதுகாக்கிறது. இரண்டாவது, அவருடைய மானத்தைப் பாதுகாக்கிறது. இரண்டில் ஒன்றை விட்டாலும் தர்மம் நிறைவு பெறாது.

ஜகாத்தில் 'தம்லீக்', அதாவது பெறுபவருக்கு உரிமையாக்கிக் கொடுப்பதை, ஃபிக்ஹ் அறிஞர்கள் வலியுறுத்துகிறார்கள். நம் கையை விட்டுப் போன பிறகு அது அவருடைய சொத்து. கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லை. அரசின் உதவி ஜகாத் அல்ல. அது பொதுப்பணம், ஆட்சியாளர்களிடம் உள்ள அமானிதம். எனவே அதற்கு நிபந்தனை விதிப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. குளிர்பானத்தை விலக்குவது நம் பார்வையில் ஏற்கத்தக்கதே. ஆனால் விலக்குவதோடு நின்றுவிட்டு, நல்ல உணவை எளிதாக்காமல் இருந்தால், அது ஏழையைத் திருத்துவதாகக் காட்டிக்கொள்ளும் அலங்காரமாகவே முடியும்.

நம் ரமளான் பைகளைத் திறந்து பார்ப்போம்

அமெரிக்காவை எடைபோட்டது போதும். ரமளானில் நாம் கட்டிக்கொடுக்கும் உணவுப் பைகளில் என்ன இருக்கிறது? பல இடங்களில் கிலோக் கணக்கில் சர்க்கரை, மைதா, சேமியா, சாயம் கலந்த சர்பத் பாட்டில். விலை குறைவு, பையும் நிறைந்து தெரியும். வாங்குகிற வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பாரே என்று எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

ஃபித்ராவை ஊரின் பிரதான உணவாகவே கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. அதன் மதிப்பைப் பணமாகவும் கொடுக்கலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. தானியமாகக் கொடுக்கும்போது நம் வீட்டில் பொங்கித் தின்கிற அதே அரிசியைக் கொடுப்போம். உபரியான ஸதகாவில் பருப்பு, முட்டை, நல்ல பேரீச்சம்பழம், காய்கறி, பழம் சேர்ப்போம். முடிந்தால் முன்கூட்டியே அந்த வீட்டாரிடம், 'உங்களுக்கு எது தேவைப்படும்?' என்று கேட்டுவிடுவோம். சங்கடமாகத் தோன்றினால் பணத்தை உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்காமல் திரும்பி வருவோம்.

இன்னொன்று. ஏழைக்குக் குளிர்பானம் கூடாது என்று பேசிவிட்டு, நம் வலீமா விருந்துகளில் பிரியாணிக்குப் பக்கத்தில் வரிசையாகப் பாட்டில்களை அடுக்கினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. தனக்கு விரும்புவதையே தன் சகோதரனுக்கும் விரும்பும் வரை ஈமான் முழுமையடையாது என்று கற்றுத்தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். அப்படியானால் சகோதரனுக்குத் தீங்கு என்று நாம் ஒதுக்குவதை நம் பிள்ளைகளுக்கும் ஒதுக்குவதுதானே முறை?

உண்பதிலும் கொடுப்பதிலும் ஹலாலையும் தய்யிபையும் சேர்த்தே பேணுகிற நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.