புது டர்போ, பழைய ஆயில் பைப்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் கிளம்பினால் சற்று நேரத்திலேயே வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதால் காரும் பஸ்ஸும் ஓயாத இடம். அவற்றுக்கு நடுவே நெல் மூட்டை, மல்லாட்டை மூட்டை, காய்கறிக் கூடை என்று ஏற்றிக்கொண்டு பழைய பிக்கப் வண்டிகளும் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வயதைத் தாண்டிய வண்டி திடீரென்று மேட்டில் திணறும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கரும்புகை கக்கும். பானெட்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் வரும். “டர்போ போயிடுச்சுண்ணே” என்பார் மெக்கானிக். கேட்டதுமே உரிமையாளர் மனதில் ஒரு பெரிய செலவுக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

பொலேரோ பிக்கப்பில் பரவலாக ஓடியது 2523 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜின். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்தில் இருந்தது வெறும் 1478 சிசி, மூன்று சிலிண்டர். இவ்வளவு சின்ன இன்ஜின் டன் கணக்கில் இழுப்பதற்கு டர்போதான் காரணம். சைலன்சருக்குப் போகும் சூடான புகை வழியில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதிக டீசலை எரிக்கலாம்; இழுவை கூடும். வீணாகப் போகும் புகையிடம் வேலை வாங்கும் இந்த யோசனைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் காப்புரிமை பெற்றார். நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. 1920-களில் ஜெர்மன் கப்பல்களின் டீசல் இன்ஜின்களில் பொருத்தியபோது 1750 குதிரைசக்தி 2500 ஆனது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு: 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் சென்னையை அடுத்த பையனூரில் டர்போக்களைத் தயாரிக்கிறது.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் ஒரு சில நொடி வராவிட்டாலும், வந்த ஆயிலில் மண்ணும் கரியும் இருந்தாலும் பேரிங் தேய்ந்துவிடும். டர்போ தானாகச் சாவது அபூர்வம். பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும் கோளாறுதான் அதைக் கொல்கிறது.

போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போகும் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். லோடோடு வளைவு வளைவாக ஏறி, நின்றதும் சாவியைத் திருகி ஆஃப் செய்கிறார் டிரைவர். டர்போ தகதகவென்று கொதிக்கிறது. ஆயில் ஓட்டமோ நின்றுவிட்டது. உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகிறது. இப்படியே பல மாதம் போனால் பென்சில் கனமே உள்ள ஆயில் பைப்பின் உள்சுவரில் கரி படிந்து ஓட்டை சுருங்கிவிடும். ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைத்தால் தவிர்க்கக்கூடிய சேதம் இது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

எனவே டர்போவைக் கழற்றுமுன் அதுதான் குற்றவாளியா என்று பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் வேலை. ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தாலும், கிளிப் தளர்ந்திருந்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே புகை, இதே திணறல் வரும். நூறு ரூபாய் கிளிப்பில் முடியவேண்டிய வேலைக்கு டர்போவையே மாற்றியவர்கள் உண்டு. இன்ஜின் ஆறியபின் காற்றுக்குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நுனியை விரலால் அசைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ கதை முடிந்தது.

மாற்றுவது என்று முடிவானால் பழைய வண்டியில் முதல் சோதனை துருப்பிடித்த ஸ்டட்களும் நட்டுகளும். அவசரப்பட்டு ஸ்பானரைத் திருகினால் ஸ்டட் உடைந்து மேனிஃபோல்டிலேயே தங்கிவிடும். பிறகு அதைத் துளைபோட்டு எடுப்பது தனி வேலை. புது டர்போ வாங்கும்போதே புது ஆயில் பைப், புது பேக்கிங், புது ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். கஞ்சத்தனம் பெரும்பாலும் பைப்பில்தான் காட்டப்படுகிறது. பழைய பைப்பில் பெட்ரோல் ஊற்றிக் கழுவி மாட்டுவார்கள். கெட்டித்த கரி அதற்கு அசையாது. புது டர்போவும் ஆயில் இல்லாமல் காயும்.

டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மறப்பது அதைவிட ஆபத்து. பழைய டர்போ கக்கிய ஆயில் அதில் தேங்கியிருக்கும். இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கத் தொடங்கினால், சாவியை எடுத்தாலும் நிற்காமல் உச்ச வேகத்தில் அலறும். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எரிய ஏதாவது கிடைத்தால் போதும். அதனால் இன்டர்கூலரைக் கழற்றி, கழுவி, காயவைத்த பின்புதான் பூட்டவேண்டும்.

ஆயில் பைப்பையும் காற்றுக்குழாயையும் மாட்டுமுன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும். பிறகு எல்லாம் பூட்டி, டீசல் போகாமல் தடுத்து, விட்டு விட்டு செல்ஃப் அடித்தால் ஆயில் பிரஷர் விளக்கு அணையும். அதன் பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஓடவிட்டு, ஜாயின்ட்களில் ஆயில் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். முதல் ஓட்டம் லோடு இல்லாமல்தான்.