எருதுகள் இழுத்த நீராவிக் கப்பல்!

நீராவிக் கப்பலை மாடு பூட்டி இழுத்தாங்கன்னா நம்புவீங்களா? வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் 1818-ல் ஓடிய முதல் நீராவிக் கப்பல், ‘வாக்-இன்-தி-வாட்டர்’. இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள். கட்டிய இடம், பஃபலோ பக்கத்தில் நயாகரா ஆற்றங்கரையில் இருந்த பிளாக் ராக். சிக்கலே அங்கேதான். ஆற்றின் வேகத்தை எதிர்த்து ஏரிக்குள் போக இன்ஜினுக்குத் தெம்பு பத்தலை. கரையிலிருந்து எருதுகள் கயிறு கட்டி இழுத்தன. ‘கொம்பு வைத்த காற்று’ன்னு ஊரே கிண்டல் வேறு!

ஏரிக்குள் போயிட்டா கெத்துதான். டெட்ராய்ட்டுக்கு ஏறக்குறைய இரண்டே நாள்.

1821 அக்டோபர் 31. கிளம்பிய அன்றே புயல். உள்ளே தண்ணீர் ஏற, நங்கூரமும் நிற்கவில்லை. விடியும் முன் பஃபலோ அருகே கரை தட்டியது. கப்பல் காலி, ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இன்ஜினும் தப்பியது. அதைக் கழற்றி, 1822-ல் ‘சுப்பீரியர்’ கப்பலில் பொருத்தினார்கள். இந்த முறை கட்டியது பஃபலோவிலேயே. எருதுகளுக்கு வேலை இல்லை.