பிரிட்டனில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோரும் எம்.ஓ.டி. பதிவேடும்

பிரிட்டனில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்க விரும்புகிறவர், வண்டியை நேரில் பார்ப்பதற்கு முன்பே, நம்பர் பிளேட்டில் உள்ள பதிவு எண்ணை மட்டும் கொண்டு, அது எந்தெந்த ஆண்டில் தகுதிச் சோதனைக்குச் சென்றது, தேறியதா, தேறாவிட்டால் எதனால், சோதனையன்று ஓடோமீட்டர் எத்தனை மைல் காட்டியது என்பனவற்றை அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் 2005 முதல் நடந்த சோதனைகளும், வட அயர்லாந்தில் 2017 முதல் நடந்தவையும் அதில் கிடைக்கின்றன. இவ்வளவு வெளிப்படையான ஆவணத்தைப் பெரும்பாலோர் கடைசி வரியில் தேர்ச்சி என்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகின்றனர். அதன் பயனோ கடைசி வரியில் இல்லை, ஆண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிப்பதில்தான் இருக்கிறது.

எம்.ஓ.டி. என்பது அன்றைய போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்; அமைச்சகத்தின் பெயர் பலமுறை மாறியபின்னும் சோதனைக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில், எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்த 1960இல், பத்தாண்டு கடந்த வண்டிகளின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றை மட்டும் பார்க்கும் சோதனையாக இது தொடங்கியது. தேறாத வண்டிகள் மிகுதியாக இருந்ததால் மறு ஆண்டே வரம்பு ஏழாண்டாகவும், 1967இல் மூன்றாண்டாகவும் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் லாரிக்கும் வாடகை வண்டிக்கும் எடுக்கப்படும் எஃப்.சி.யை இது ஓரளவு ஒத்தது. ஆனால் சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டி இங்கே பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போதுதான் சோதனைக்குப் போகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் அது மூன்றாண்டு முடிந்ததும் ஆண்டுதோறும் போயாக வேண்டும்.

அப்பகுதிகளில் சோதனையைப் பொதுவாக அரசு ஊழியர் செய்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரசின் ஓட்டுநர், வாகனத் தர முகமையிடம் அனுமதி பெற்ற, பெரும்பாலும் தனியாருக்குச் சொந்தமான ஒர்க்ஷாப்புகளே, 200 சி.சி. வரையிலான வண்டிகளை முதல் வகுப்பாகவும் அதற்கு மேற்பட்டவற்றை இரண்டாம் வகுப்பாகவும் பிரித்துச் சோதிக்கின்றன. சைட்கார் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கு அவை வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 29.65 பவுண்டு. பிரேக், டயர், சக்கரப் பேரிங், முன் ஃபோர்க், பின் ஷாக் அப்சார்பர், சேஸிஸ், செயினும் ஸ்ப்ராக்கெட்டும், விளக்கு, ஹாரன், சைலன்சர், மெக்கானிக்குகள் கோன் செட் என்று சொல்லும் ஸ்டியரிங் பேரிங் ஆகியவை பார்க்கப்படும். எதையும் கழற்றிப் பார்க்கச் சோதகருக்கு அனுமதியில்லை. எஞ்சினின் உட்பகுதி, கியர் பாக்ஸ், கிளட்ச் ஆகியவற்றின் தேய்மானம் சோதனையின் எல்லைக்குள்ளேயே வராது என்பதால், பத்து ஆண்டு தடையின்றித் தேறிய வண்டியின் எஞ்சின் அடுத்த மாதமே புகைவிடத் தொடங்கினாலும் அதில் முரண்பாடு ஏதுமில்லை.

2018 மே 20 முதல் குறைகள் மூன்று தரமாகப் பிரிக்கப்படுகின்றன: உடனே விபத்துக்கு வழிசெய்யக்கூடியது ஆபத்தான குறை, பாதுகாப்பைப் பாதிக்கக்கூடியது பெரிய குறை, விரைவில் சரிசெய்தால் போதுமானது சிறு குறை. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தேறாது. இவற்றுக்கு வெளியே, இன்று குறையாகக் கொள்ள முடியாது, ஆனால் குறையாக மாறக்கூடியது என்று சோதகர் எழுதி வைக்கும் குறிப்பு ஒன்று உண்டு. அதற்கு அட்வைசரி என்று பெயர். முன் டயர் சட்ட வரம்பான ஒரு மில்லிமீட்டரை நெருங்குகிறது, பின் பிரேக் பேட் தேய்ந்துவருகிறது, ஃபோர்க் ஆயில் சீலில் இலேசான கசிவு தெரிகிறது என்பன போன்ற இக்குறிப்புகளே, வாங்குகிறவருக்குத் தேறியதா இல்லையா என்ற முடிவைவிட அதிகம் சொல்கின்றன.

தோல்வியைக் கண்டு அஞ்சுவது பெரும்பாலும் தேவையற்றது. காலையில் விளக்கு எரியாமலோ பிரேக் பேட் தேய்ந்தோ தேறாமல் போய், அதே நாளில் சரிசெய்யப்பட்டுத் தேறிய வண்டி, குறைந்தபட்சம் ஒரு குறை நீங்கிய வண்டி. ஐயப்பட வேண்டியது வேறொன்று: ஒரே அட்வைசரி, செயின் தளர்வு என்றோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆட்டம் என்றோ, மூன்றாண்டு தொடர்ந்து எழுதப்பட்டு, நான்காம் ஆண்டில் பெரிய குறையாகி வண்டி தேறாமல் போவது. சட்டம் வற்புறுத்தாதவரை ஸ்பேனரைத் தொடாத உரிமையாளர், சோதனையில் வராத எஞ்சின் ஆயிலையும் வால்வு இடைவெளியையும் உரிய காலத்தில் கவனித்திருப்பார் என்று நம்ப இடமில்லை. மறுபுறம், ஒரு குறிப்பும் இல்லாத தூய பதிவு நல்ல பராமரிப்பின் விளைவாகவும் இருக்கலாம், எழுதச் சோம்பும் சோதகரின் விளைவாகவும் இருக்கலாம்; பல ஆண்டு குறிப்புகளே இல்லாத வண்டிக்குச் சோதனை நிலையம் மாறிய ஆண்டில் திடீரென ஆறேழு குறிப்புகள் வந்திருந்தால், முந்தைய தூய்மையைக் கழித்துப் பார்ப்பதே நல்லது. எந்த நிலையம் என்பது பதிவு எண்ணை மட்டும் கொடுத்தால் தெரியவராது. வி5சி எனப்படும் வண்டிப் பதிவுச் சான்றில் உள்ள 11 இலக்க எண்ணையும் கொடுக்க வேண்டும். வியாபாரி தன் சொந்த ஒர்க்ஷாப்பிலேயே விற்பனைக்கு முந்தைய வாரம் சோதனை முடித்திருக்கிறாரா என்பதை அறிய அது உதவும்.

அடுத்தது ஓடோமீட்டர் கணக்கு. எடுத்துக்காட்டாக, 2019இல் 18,400, 2021இல் 24,900, 2023இல் 21,300 என்று ஒரு வண்டியின் பதிவு இருந்தால் மோசடி என்று உடனே முடிவுகட்டக் கூடாது. சோதகர் இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருக்கலாம், இறக்குமதி வண்டியின் கிலோமீட்டரை ஒருவர் மைலாக எழுதியிருக்கலாம், கீழே விழுந்த வண்டிக்கு வேறு மீட்டர் பொருத்தப்பட்டிருக்கலாம். ஒரே ஓர் ஆண்டின் எண் மட்டும் பிசகி, அடுத்த ஆண்டுகள் பழைய வரிசையிலேயே தொடர்ந்தால் அது பெரும்பாலும் எழுத்துப் பிழை. குறைந்த எண்ணிலிருந்தே புதிய வரிசை தொடங்கினால் விற்பவர் பில்லுடன் விளக்கம் தர வேண்டும். மீட்டர் பின்னோக்கித் திருப்பப்பட்டதை அறிந்தும் மறைத்து விற்பது அந்நாட்டில் குற்றம். முதல் மூன்றாண்டுக்குச் சோதனையே இல்லை என்பதால் அக்காலத்தில் நடந்த திருத்தம் எதுவும் இப்பதிவில் சிக்காது. அதற்கு சர்வீஸ் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இடைவெளிகளுக்கும் பொருள் உண்டு. குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் நாட்டில் பலர் வண்டியைக் கோடையில் மட்டும் ஓட்டுவதும், சாலையில் ஓடவில்லை என்று அரசுக்கு அறிவித்து ஓரிரு ஆண்டு கொட்டகையில் நிறுத்திவைப்பதும் வழக்கமாதலால், பதிவில் இரண்டாண்டு வெற்றிடம் இருப்பது தனியே குற்றமாகாது. ஆனால் அந்த வெற்றிடத்தில் மைல் எண் பல்லாயிரம் ஏறியிருந்தால், வண்டி சான்றில்லாமல் ஓடியிருக்கிறது. நாற்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் சோதனை கட்டாயமில்லை. பழைய டிரையம்ப், பி.எஸ்.ஏ. வண்டிகளைத் தேடுவோர் அண்மைப் பதிவே இல்லாத வண்டிகளை அதிகம் சந்திப்பது இதனால்தான்.

பதிவேடு காட்டாதவையும் உண்டு. வண்டி மீது கடன் நிலுவையில் இருக்கிறதா, திருட்டு வண்டியா, விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் அதை எஸ் (கட்டமைப்புச் சேதம்) அல்லது என் (கட்டமைப்பு சாராத சேதம்) என்ற வகையில் தள்ளிவிட்டதா என்பவற்றுக்குத் தனியார் நிறுவனங்களிடம் கட்டணம் கட்டிப் பெறும் வேறு சோதனை தேவை. அதிக ஓசையெழுப்பும் சைலன்சரைச் சோதனையன்று மட்டும் கழற்றிவைத்து, நிறுவனத்தின் அசல் சைலன்சரைப் பூட்டித் தேறிவிட்டு மறுநாளே மாற்றிக்கொள்ளும் பழக்கம் மோட்டார் சைக்கிள்காரர்களிடையே ஊறிப்போன ஒன்று. சாலைக்கு உரியதல்ல என்ற முத்திரையுள்ள சைலன்சர் தேறாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே பதிவில் உள்ள வண்டியும் முற்றத்தில் நிற்கும் வண்டியும் ஒன்றுதானா என்பதைப் பார்க்க, கடைசி அட்வைசரி வரிகளை எடுத்துப்போய் அந்தந்தப் பாகத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதும், மாற்றியதாகச் சொல்லப்படும் டயருக்கும் பேடுக்கும் பில் கேட்பதும் முறையாகும். சான்று காலாவதியான வண்டியை ஓட்டிப் பார்க்க மட்டும் இசையக் கூடாது. முன்பதிவு செய்த சோதனைக்குச் செல்வது போன்ற சில பயணங்கள் தவிர அதைச் சாலையில் ஓட்டுவதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு என்பதால், விலை பேசும் முன் புதிய சோதனையை விற்பவரே தம் செலவில் முடித்துத் தருமாறு கேட்கலாம்.