காலடியில் கிடக்கும் நாண்

இலண்டனின் செயின்ட் பங்க்ராஸ் தொடர்வண்டி நிலையத்துள் நுழைவோர் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பர். 240 அடி அகலத்தை இடையில் ஒரு தூணுமின்றி ஒரே வீச்சில் தாவி நிற்கிறது அந்த இரும்புக் கூரை. உச்சி ஏறத்தாழ 100 அடி. நீளம் ஏறத்தாழ 690 அடி. 1868 அக்டோபரில் நிலையம் திறக்கப்பட்டபோது இதனினும் அகன்ற ஒற்றை வளைவுக் கூரை உலகில் இல்லை. எனினும், அதன் மெய்யான பெருமையை அறிய விரும்புவோர் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும் என்பேன்.

நிலையத்துக்கு வடக்கே ரீஜன்ட் கால்வாய் குறுக்கிடுகிறது. அண்டையிலுள்ள கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் தடங்கள் அதற்கு அடியில் சுரங்கத்தினுள் செல்கின்றன. மிட்லண்ட் இருப்புப்பாதை நிறுவனத்தின் பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ தம் தடங்களைக் கால்வாய்க்கு மேலே கொண்டுவந்தார். அதனால் நடைமேடை தெருவினும் உயர்ந்தது. அடியில் பெரியதொரு நிலவறை அமைந்தது. பர்ட்டன் நகரிலிருந்து வரும் பீர்ப் பீப்பாய்களுக்கு அவ்வறை ஒதுக்கப்பட்டது. பருத்த செங்கல் தூண்கள் இடத்தை விழுங்கும்; ஆதலால் மெலிந்த வார்ப்பிரும்புத் தூண்களை நாட்டினர். பீப்பாயின் அளவையே அலகாகக் கொண்டு தூண்களின் இடைவெளி 14 அடி 8 அங்குலம் என வகுத்தனர். மேலே கூரையின் விலாவளைவுகள் அதன் சரி இருமடங்கான 29 அடி 4 அங்குல இடைவெளியில் எழுகின்றன. வான் தாவும் கூரைக்கு அளவுகோல் ஒரு மரப் பீப்பாய்!

எந்த வளைவும் தன் எடையால் இரு கால்களையும் புறத்தே தள்ளும். அதைத் தடுக்கப் பருத்த சுவர் வேண்டும். இன்றேல் இரு கால்களையும் இழுத்துப் பிடிக்கும் பிணைப்பு வேண்டும். வளைந்த வில்லை விரியாமல் காப்பது நாண் அன்றோ? பார்லோவின் கையில் அந்த நாண் முன்னமே இருந்தது. நடைமேடையைச் சுமக்கும் இரும்பு உத்திரங்கள் நிலையத்தின் குறுக்கே ஓடின. வளைவின் கால்களை அவற்றோடு பிணைத்தார். பயணியர் மிதிக்கும் தளமே நாணாயிற்று.

இரும்பு வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். நாண் தளத்தினடியில், வெப்பநிலை பெரிதும் மாறாத இடத்தில் கிடப்பதால் கால்கள் நகர்வதில்லை; உச்சி மட்டும் சிறிதே எழுந்து தாழும். கால்களுக்கு அடியில் உருளைகள் வைக்கும் தேவையே எழவில்லை. சிக்கலை இத்துணை எளிமையாகத் தீர்த்த அறிவை வணங்கத் தோன்றுகிறது. கூரையின் நுணுக்கங்களை வகுப்பதில் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் துணைநின்றார். விலாவளைவுகள் நடைமேடையிலிருந்தே எழுவதால், டெர்பிஷயரின் பட்டர்லி நிறுவனம் 1867-இல் செய்தது என்னும் வார்ப்பெழுத்துகளை அங்கு நின்றே படிக்கலாம்.

நிலைய முகப்பில் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் எழுப்பிய செங்கல் மாளிகை 1873-இல் விடுதியாகத் திறந்தது. புகைப்படக்காரர்கள் பெரிதும் நாடுவது அதனையே. 1960-களில் இடிபடவிருந்த இவ்வளாகம் 1967-இல் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்து பிழைத்தது.

2007 முதல் பாரிசு செல்லும் யூரோஸ்டார் வண்டிகள் இங்கிருந்து புறப்படுகின்றன. பழைய பீர் நிலவறைதான் இன்று பயணியர் காத்திருக்கும் கூடம். அவ்வழிச் செல்ல வாய்ப்பவர்கள் வண்டி வருமுன் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நடந்து பாருங்கள்: அதே 14 அடி 8 அங்குலம்.