வடமலாபுரத்துக்குத் திரும்பப் போனவர்கள்

சென்ற வாரம், ஊரின் நிலக்கணக்கை எழுதிவந்த கர்ணத்தின் கணக்கைப் பற்றிப் பேசினோம். பட்டா யார் பேரில், எத்தனை ஏக்கர், தீர்வை எவ்வளவு என்பதை அந்தக் கணக்கு சொன்னது. ஏர் பிடிப்பவர் யார், விளைந்ததில் அவருக்கு எத்தனை மரக்கால் நிற்கிறது, போன பங்குனியில் வாங்கிய கடனுக்கு என்ன வட்டி என்பதெல்லாம் அதில் ஏறியதில்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவதற்கென்றே தமிழ்நாட்டில் 1969இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதுவரை பல்லாயிரம் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லாமலே உழுது விதைத்தார்கள்.

காகிதத்தில் இல்லாத இந்த வாழ்க்கையைத் தேடி 1916இல் ஆள் அனுப்பியவர் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியர்; அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படித்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்துப் பாடநூலை ஒப்பித்துக்கொண்டிருந்த மாணவர்களின் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போய் நிலம், மாடு, கூலி, கடன் எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். அவர்கள் கொண்டுவந்ததைத் தொகுத்து 1918இல் ஒரு நூலாக்கினார். அதில் இடம்பெற்ற கிராமங்களில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அதிகத் தொலைவில்லாத, சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம்.

ஒரு மாணவர் ஒரு கிராமத்தைப் பார்த்ததோடு விஷயம் முடிந்திருந்தால் அதை இன்று நினைக்க வேண்டியதில்லை. 1930களில் பொருளாதார அறிஞர்களான பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டர் கிராமங்களை மறுபடி ஆராய வைத்தார்கள். அது 1940இல் நூலாக வந்தது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் வெங்கடேஷ் ஆத்ரேயா வடமலாபுரத்தை மீண்டும் ஆய்வு செய்தார். முன்னால் போனவர் என்ன கேட்டார், யார் என்ன சொன்னார்கள் என்பது எழுத்தில் இருந்ததால்தான், பின்னால் போனவரால் எது மாறியது, எது அப்படியே கிடக்கிறது என்று சொல்ல முடிந்தது. நேரில் பார்ப்பதன் மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. “நான் போய்ப் பார்த்தேன்” என்று மேடையில் சொல்லும் தலைவரின் பேச்சை யாரும் சரிபார்க்க முடியாது. அவர் போனதற்குப் புகைப்படம் இருக்கும். கேட்டதற்குக் குறிப்பு இருக்காது.

அதிகாரி வருகிறார் என்றால் ஊரே வேஷம் கட்டிக்கொள்கிறதே, அங்கே எதைப் பார்ப்பது என்று கேட்கலாம். உண்மைதான். முதல் நாள் சாயங்காலம் சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் வெள்ளைக் கோடாக விழும். ஆறு மாதமாக எரியாத தெருவிளக்கு எரியும். வட ஆற்காட்டில் 1970களில் ஆய்வு செய்த ராபர்ட் சேம்பர்ஸ், தார்ச்சாலை ஓரத்தையும் மழையில்லாத மாதங்களையும் மட்டும் பார்த்துத் திரும்பும் அதிகாரிகளைப் பற்றி 1983இல் விரிவாகவே எழுதினார். நம் ஊரில் அதைவிடப் பெரிய மறைப்பு சாதி. ஊர்த்தெருவில் நாற்காலி போட்டால் காலனித் தெருவின் குரல் அந்த நாற்காலிவரை வராது. அந்நாளில் சென்னையில் பட்டப்படிப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். ஸ்லேட்டரின் மாணவர்கள் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசாரித்தார்கள் என்பதும் நியாயமான கேள்வியே. ஆனால் இது, இன்னொருவர் இன்னொரு தெரு வழியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கான காரணம். யாருமே போக வேண்டாம் என்பதற்கான காரணம் ஆகாது.

உள்ளூர்க்காரருக்குத் தெரியாததா என்பார்கள். இராஜபாளையத்தில் பிறந்த பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். உணவுத் தட்டுப்பாடு மக்களை வாட்டிய காலத்தில் நடந்த 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தோற்றார். அவர் நேர்மையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஊரில் பிறந்திருப்பது வேறு, இந்த வருஷம் அந்த ஊரில் அடுப்பு எரிகிறதா என்று அறிந்திருப்பது வேறு.

ஒரு கிராமம் நாடாகிவிடுமா என்ற வாதமும் உண்டு. ஆகாது. அதற்காகத்தான் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் காலத்தில், 1950இல், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. அங்கும் கடைசியில் ஒருவர் படியேறிக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். அவர் அவசரத்தில் இருந்தால் அந்த அவசரமும் புள்ளிவிவரத்தில் ஏறும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தறிகளின் எண்ணிக்கை ஏதாவது ஒரு அலுவலகத்தில் கிடைத்துவிடும். பேசி முடித்த கூலி கைக்கு வந்து சேர்ந்ததா, பஞ்சுத் தூசியில் யாருக்கு இருமல் விடவில்லை என்று தெரிய வேண்டுமானால் ஷிப்டு முடியும் நேரத்தில், முதலாளி இல்லாத இடத்தில், பெயர் கேட்காமல் பேச வேண்டும். போன வருஷம் வந்தவர் எழுதிய தாள் கையில் இருந்தால் அந்தப் பேச்சை அதிலிருந்தே தொடங்கலாம்.

(தொடரும்)