பழைய துணியும் தேர்ந்தெடுக்கும் உரிமையும்

நகரங்களில் இன்று பழைய ஆடை வாங்குவது ஒரு நாகரிகம். பிறர் உடுத்திய சட்டையைக் கடையில் விலை கொடுத்து எடுத்து, சூழலைக் காக்கிறோம் என்று பெருமையோடு சொல்கிறார்கள். துணி வீணாகாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் நம் மக்களுக்குப் பழைய துணி விருப்பமாக வரவில்லை, விதியாக வந்தது.

மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம், சண்டாளர் பிணத்தின் ஆடையை உடுத்த வேண்டும் என்கிறது. சூத்திர ஊழியருக்கு மிச்சச் சோற்றையும் பழந்துணியையும் ஒதுக்குகிறது. இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டையோ பனியனோ அணியக் கூடாது. பெண்கள் மேலாடை உடுத்தக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. துணி புதியதா பழையதா என்பதல்ல இங்கே சிக்கல். எதை உடுத்துவதென்று யார் முடிவு செய்வது என்பதுதான்.

அம்பேத்கர் இதைத் தெளிவாகக் கண்டார். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்த மாநாட்டை ஒட்டிப் பெண்களிடம் பேசியபோது, உடையில் ஒட்டுப்போட்டிருந்தாலும் பரவாயில்லை, அது தூய்மையாக இருக்கட்டும் என்றார். உடையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை எவரும் தடுக்க முடியாது என்றார்.

நம் சிதம்பரம் வட்டாரத்தில் பண்ணை வீட்டிலிருந்து வந்த பழைய வேட்டியை வேண்டாமென்று சொல்ல முடியாது. வாங்கினால் நன்றி காட்ட வேண்டும்; கூலி உயர்த்திக் கேட்டால் அந்த வேட்டியைச் சொல்லிக் காட்டுவார்கள். நடைபாதையில் குவித்து விற்கும் பழைய துணியோ வேறு. அங்கே நம் பெண்கள் துணியை வெளிச்சத்தில் பிடித்து இழை நைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கக்கத்துத் தையலை இழுத்துப் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், பிடிக்கவில்லையென்றால் போட்டுவிட்டு நடக்கிறார்கள். காசு கொடுத்தவருக்கு யாரிடமும் கடனில்லை. தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் குண்டான் வாங்கும்போது, நாமே கொடுப்பவர், நாமே கேட்பவர். மண்பாண்டம்தான் என்ற தடையும் அங்கே உடைகிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்க் கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. உடுத்த மாற்றுத்துணி இல்லாதவர்களில் பலர்கூட அதைத் தொடவில்லை. கிழிந்ததும் அழுக்கானதும் சாலையோரம் குவிந்து கிடந்தன. அதை நன்றிகெட்டதனம் என்றவர்கள் உண்டு. நாம் அதைச் சுயமரியாதை என்கிறோம்.

ஆகவே, துணி கொடுக்க விரும்புவோரிடம் நாம் கேட்பது எளிது. துவைத்துக் கொடுங்கள். அளவுவாரியாகப் பிரித்து வையுங்கள். கொடுப்பவர் முகம் தெரிய வேண்டாம், புகைப்படம் வேண்டாம். எடுப்பவர் புரட்டிப் பார்க்கட்டும். வேண்டாமென்றால் விட்டுச் செல்லட்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் தரப்படும் துணி, எவ்வளவு புதிதானாலும், பிணத்தின் துணிதான்.